ஊர்ப்பள்ளிக்கு உழைத்த ஹொரேஸ் மான்

ஓர் ஊரில் ஏரி உண்டு; மந்தைவெளி உண்டு; சாலை உண்டு. இவை யாருக்கு உரியவை என்று வினவின், ஊருக்குப் பொது என்று எவரும் தடையின்றி விடை பகர்வர். ஏரிக்கரை உடைந்ததாயின் ஊரார் மண்வெட்டியுடன் கூடி அடைத்தலைக் குடிமராமத்து என்னும் பெயரால் நம் முன்னோர் ஒரு கடமையாகவே கொண்டிருந்தனர். ஆனால் ஊரின் நடுவே நிற்கும் பள்ளிக்கூடம் யாருக்கு உரியது என்று வினவுவோமாயின், அரசாங்கத்துக்கு உரியது என்று சிலரும், அங்குப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்க்கு உரியது என்று சிலரும் கூறுவரேயன்றி, ஊருக்கு உரியது என்று கூறுவோர் அரியராகவே உள்ளனர்.

யாம் உபாத்தியாயத் தொழிலில் புகுந்து இருபதாண்டுகள் கடந்தன. சில ஆண்டுகளுக்கு முன்னர் யாம் பணியாற்றிய ஓர் ஊரில் மழைக்காலத்தே பள்ளியின் மேற்கூரை ஒழுகிற்று. பிள்ளைகள் ஒரு மூலையில் ஒடுங்கி நின்று பாடங் கேட்டனர். அவ்வூர்ச் செல்வர் ஒருவரை அணுகி உதவி வேண்டினோம். தம் மக்கள் நகரத்துத் தனியார் பள்ளியிற் பயிலுவதால் தமக்கும் இப்பள்ளிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அவர் கூறிவிட்டார். அவர் கொடையில் குறைந்தவர் அல்லர். நம் சங்கத்துப் பிள்ளைகளின் விடுதிக்கு ஆண்டுதோறும் வாரி வழங்குபவர். அவர் பெயரை ஈண்டுக் கூறேம். அவர் கூறிய விடையை மட்டும் அன்று முதல் யாம் மறந்திலோம். அதே விடையைத் தம் நாட்டில் ஊர்தோறும் கேட்டு, அதற்கு மறுமொழி கூறுதற்கே தம் வாழ்நாளிற் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்ட பெரியார் ஒருவரின் சரித்திரத்தை நம் அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றோம். அவரே அமெரிக்க நாட்டுப் பொதுப்பள்ளிகளின் தந்தை எனப் போற்றப்படும் ஹொரேஸ் மான் ஆவார்.

இவர் 1796-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிராங்கிளின் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். வறுமை மிக்க இல்லம். பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். வைக்கோலைப் பின்னித் தொப்பி செய்வார்க்கு விற்கும் தொழிலில் வீட்டார் அனைவரும் ஈடுபட்டிருந்தமையின், இளமையிலேயே ஹொரேஸின் கைகளும் அதிற் பழகின. ஆண்டிற் சில வாரங்களே பள்ளி நடைபெற்றது. அச்சில வாரங்களிலும் கற்பித்தவர் கல்வியிற் சிறந்தவர் அல்லர், கண்டிப்பிலேயே சிறந்தவர்.

அவ்வூருக்கு ஒரு நற்பேறு வாய்த்திருந்தது. பெஞ்சமின் பிராங்கிளின் என்னும் அறிஞரின் பெயரைத் தம் ஊருக்குச் சூட்டிய மக்கள், தம் ஆலயத்துக்கு ஒரு மணி வாங்கித் தருமாறு அவரை வேண்டினர். அவரோ மணிக்கு மாறாக நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை அனுப்பினார். அந்நூல்கள் ஊர்ப்பொதுவாய் நின்றன. வீட்டில் நூல் வாங்க வகையற்ற சிறுவன் ஹொரேஸ் அவற்றை எடுத்துப் படித்தே அறிவு பெருக்கிக் கொண்டான். ஊருக்குப் பொதுவாய்க் கிடந்த ஒரு புத்தகப் பெட்டி ஓர் ஏழைச் சிறுவனை என்ன ஆக்கவல்லது என்பதனை அவன் தன் வாழ்விலேயே கண்டான்.

பின்னர் நல்லாசிரியர் ஒருவரிடம் ஆறு திங்களில் இலத்தீனும் கிரேக்கமும் கற்று, 1816-இல் பிரௌன் சர்வகலாசாலையிற் சேர்ந்து, 1819-இல் முதன்மை மாணவராய்த் தேறி, சட்டம் பயின்று 1823-இல் வழக்கறிஞர் ஆனார். 1827 முதல் மாகாணச் சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்தார். பித்துப் பிடித்தோரைச் சிறையில் அடைத்து வருத்துங் கொடுமையைக் கண்டு இரங்கி, உவுஸ்டர் நகரில் அவர்கட்கு மருத்துவ மனை அமையப் பெரிதும் உழைத்தார். 1830-இல் மணஞ் செய்துகொண்ட அன்பு மனைவி சார்லட் இரண்டு ஆண்டுகளில் இறந்துபட்டார். அத்துயரம் இவர் உள்ளத்தைப் பல்லாண்டு விட்டு நீங்கவில்லை. எனினும் பொதுப்பணியில் தளர்ந்திலர். மாகாண மேற்சபையின் தலைவராகவும் உயர்ந்தார்.

இனி, அந்நாளிற் பள்ளிகள் இருந்த நிலையை அறிதல் வேண்டும். மாசசூசெட்ஸில் 1647-ஆம் ஆண்டிலேயே, ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்றும், நூறு குடும்பங்கள் உள்ள ஊர் இலக்கணப் பள்ளி ஒன்று நிறுவ வேண்டும் என்றும் சட்டம் பிறந்தது. ஊர்கள் பரந்து, மக்கள் தொலைவிற் சென்று குடியேறியபோது, ஒவ்வோர் ஊரும் பல பள்ளி வட்டகைகளாகப் பிரிந்தது. 1789-ஆம் ஆண்டின் சட்டம் இவ்வட்டகைகளை ஒப்புக்கொண்டது. நாளடைவில் வரி விதிக்கவும் ஆசிரியரை அமர்த்தவும் அவை உரிமை பெற்றன. தம் பிள்ளைகட்குத் தாமே கூடிப் பள்ளி எழுப்பி, விறகு சேர்த்து, ஆசிரியரைத் தேர்ந்து நடத்துதல் உயர்ந்த வழக்கமே. குடியாட்சியின் வேர் அங்கேயே ஊன்றியது எனின் மிகையாகாது.

ஆயினும் வட்டகை சிறுகச் சிறுக அதன் உள்ளமும் சிறுத்தது. வரி குறைதலே பெருநலம் எனக் கருதிய குடிகள், மிகக் குறைந்த ஊதியத்துக்கு உடன்படும் ஆசிரியரையே நாடினர். எதற்கும் பயன்படாத நிலத்தில், சாலையோரத்தே, பள்ளிக் கட்டிடம் எழுந்தது. சாய்வில்லாப் பலகைகளில் சிறார் நாள் முழுதும் இருந்தனர். மக்கள் மிக்க வட்டகையிற் பள்ளி பல திங்கள் நடைபெற, அடுத்த வட்டகையிற் சில வாரங்களிலேயே கதவு அடைபட்டது. ஒரே ஊரில் பிறந்த இரு குழந்தைகளின் கல்வி, வீடு நின்ற எல்லைக்கோட்டினால் வேறுபட்டது. செல்வரோ தம் மக்களைக் கட்டணப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டு, பொதுப்பள்ளியின் வரியைக் குறைக்குமாறு ஊர்க்கூட்டத்தில் வாதித்தனர். கேட்கும் குரல் உடையோர் விலகினமையின், எஞ்சியோர் பள்ளி கேட்பாரற்றுக் கிடந்தது.

இந்நிலையை மாற்றக் கருதி 1837-இல் மாகாணக் கல்விக் கழகம் ஒன்று சட்டத்தினால் நிறுவப்பெற்றது. அதன் செயலாளராக வருமாறு ஹொரேஸ் மானை அழைத்தனர். மேற்சபைத் தலைவராய் விளங்கி, இன்னும் உயர் பதவிகளை எட்டக்கூடிய ஒருவர், தொழிலை விட்டுச் சிறு சம்பளத்துக்கு இதனை ஏற்றமை நண்பர்க்கு வியப்பளித்தது. அச்செயலாளர்க்கு எவரையும் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. பார்த்தல், கணக்கெடுத்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய இவையே அவருடைய கருவிகள்.

அக்கருவிகளைக் கொண்டே அவர் புறப்பட்டார். குதிரையேறி மாகாணம் முழுதும் சென்று, பள்ளிகளை உட்புகுந்து பார்த்தார். வட்டாரந்தோறும் கூட்டங்கள் கூட்டினார். மக்கள் திரண்ட இடமும் உண்டு. ஒரு சிலரே வந்த இடமும் உண்டு. பிட்ஸ்ஃபீல்டு என்னும் ஊரில் ஆசிரியர் கூட்டத்துக்கென வந்தபோது, அறை பெருக்கப்படாமல் கிடந்தது. மாகாண ஆளுநர் பிரிக்ஸும் ஹொரேஸ் மானும் துடைப்பங்களை இரவல் பெற்று, தாமே அவ்வறையைப் பெருக்கித் தூய்மை செய்தனர். ஆளுநர் கையில் துடைப்பம் ஏறியது எதன் பொருட்டு என்பதனை நம் அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

ஆண்டுதோறும் ஓர் அறிக்கையாக இவர் எழுதிய பன்னிரண்டு அறிக்கைகளே இவரது புகழுக்கு நிலைக்களம். பள்ளிக் கட்டிடங்களின் காற்றும் வெளிச்சமும், ஊர் நூல்நிலையங்கள், உடல்நலப் பாடம், கல்வியினால் தொழிலில் விளையும் ஊதியம் எனப் பல பொருள்களை அவை ஆராய்ந்தன. 1837-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வட்டகையும் நூல்நிலையத்துக்காக முதலாண்டில் 30 டாலரும் பின்னர் ஆண்டுக்கு 10 டாலரும் செலவிட இடங்கொடுத்தது. பிராங்கிளின் ஊரின் புத்தகப் பெட்டியை மறவாத இவர், ஊர்தோறும் அதனைப் பயன்படுத்துமாறு இடைவிடாது வற்புறுத்தினார்.

எனினும் மேலே யாம் கூறிய செல்வரின் விடைக்கு நேர் மறுமொழி, 1846-ஆம் ஆண்டைக் குறித்து இவர் எழுதிய பத்தாம் அறிக்கையிலேயே உளது. அதன் கருத்தைச் சுருக்கிக் கூறுவோம். ஒருவன் தன் உடைமை எனக் கருதும் நிலமும் நீரும் காற்றும் அவன் படைத்தவை அல்ல. அவனுக்கு முன் வாழ்ந்தோர் திருத்திய கழனியும், அமைத்த சாலையும், கண்டறிந்த கலைகளும் அவன் செல்வத்தினுள் அடங்கியுள்ளன. ஆதலின் ஒவ்வொரு தலைமுறையும் செல்வத்துக்கு முழு உரிமை பெற்றதன்று. அடுத்த தலைமுறையின் பொருட்டு அதனைக் காத்துக் கொடுக்கும் தருமகர்த்தாவே ஆகும். பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் அச்செல்வத்திலிருந்து கல்வி பெறும் உரிமை உண்டு. தனக்குப் பிள்ளை இல்லை என்றோ, தன் பிள்ளை வேறிடத்திற் பயிலுகின்றது என்றோ கூறிப் பள்ளிவரியை மறுப்பவன், தான் பெற்ற கடனைத் திருப்பித் தர மறுப்பவனே ஆவான். இதுவே அவர் துணிபு.

நல்லாசிரியர் இன்றி நற்பள்ளி இல்லை என்பதனை உணர்ந்த இவர், ஆசிரியர்க்குப் பயிற்சிக் கல்லூரி அமைக்க முயன்றார். எட்மண்டு டுவைட் என்னும் வணிகர் தம் பெயரை வெளியிடாது 10,000 டாலர் நல்கினார். மாகாணமும் அவ்வளவு பொருள் ஈந்தது. 1839-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 3-ஆம் நாள் லெக்சிங்டன் நகரில் முதற் கல்லூரி திறக்கப்பெற்றபோது, வந்து சேர்ந்த மாணவியர் மூவரே. சைரஸ் பியர்ஸ் என்னும் ஆசிரியர் அம்மூவரைக் கொண்டே தொடங்கினார். அதே ஆண்டில் பாரியிலும், மறு ஆண்டில் பிரிட்ஜ்வாட்டரிலும் வேறிரு கல்லூரிகள் எழுந்தன.

எதிர்ப்பும் எழுந்தது. தலைநகரத்திலுள்ள கழகம் தம் ஊர்ப்பள்ளியைக் கைப்பற்றிவிடும் என்று வட்டகையினர் அஞ்சினர். தம் சமயக் கோட்பாடு பள்ளியினின்று விலக்கப்படும் என்று குருமார் சிலர் சினந்தனர். 1840-இல் கழகத்தையே ஒழித்துவிடச் சட்டசபையில் ஒரு மசோதா வந்து, 182 பேர் அதனை ஆதரிக்க, 245 பேர் எதிர்க்கத் தோல்வியுற்றது. 1843-இல் மேரி பீபாடி அம்மையாரை மணந்து ஐரோப்பா சென்றபோதும், மணப்பயணத்தைப் பள்ளிகளைப் பார்க்கும் பயணமாகவே ஆக்கிக்கொண்டார். பிரஷியாவில் பிரம்பின்றி அன்பினாற் கற்பிக்கும் ஆசிரியர்களைக் கண்டு பாராட்டி இவர் எழுதிய ஏழாம் அறிக்கையைக் கண்டு பாஸ்டன் நகரத்து ஆசிரியர் 31 பேர் வெகுண்டு மறுப்பு வெளியிட்டனர். இருதிறத்தாரும் நெடுநாள் எழுத்துப் போர் புரிந்தனர்.

அவ்வறிக்கையில் நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவன் இளைய மாணவர்க்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையைச் சென்னையிற் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூர் ஆண் அனாதைகள் விடுதியில் அதனைக் கையாண்டு, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அம்முறை மேல்நாடுகளிற் பரவிற்று. செலவு குறைவு என்பதே அதன் பெருமை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடத்தை ஒரு சிறுவன் நிரப்புதல் இயலாது என்று ஹொரேஸ் மான் அதனை ஏற்க மறுத்தார். நம் நாட்டினின்று சென்ற முறை ஆயினும், அவர் மறுத்தமை முறையே என்று யாமும் கருதுகின்றோம்.

பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்த பயன் சிறிதன்று. ஆறு திங்களேனும் பள்ளி நடைபெற வேண்டும் என்று 1839-இற் சட்டம் அமைந்தது. பொதுப்பள்ளிக்கென ஊர்கள் ஒதுக்கிய பொருள் இருமடங்குக்கு மேற் பெருகியது. ஏறத்தாழ ஐம்பது உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. ஆசிரியர் ஊதியம் உயர்ந்தது. இவர் பதவி விட்ட பின்னர், 1852-இல், கட்டாயக் கல்விச் சட்டத்தை அமெரிக்க மாகாணங்களுள் முதன்முதல் இயற்றியதும் மாசசூசெட்ஸே.

பெரியார் குறையும் கூறுதல் சரித்திரம் எழுதுவார்க்குக் கடன். பெண்களை ஆசிரியத் தொழிலுக்குப் பெருக அழைத்த இவர் காலத்தில், அவர்கட்கு ஆடவரினும் மிகக் குறைந்த ஊதியமே கிடைத்தது. எல்லாச் சமயத்தார்க்கும் பொது என இவர் எண்ணிய பள்ளியில் புராட்டஸ்டண்டு மதத்தின் விவிலியமே வாசிக்கப்பட்டமையின் கத்தோலிக்கர் மனம் வருந்தினர். எல்லாவற்றினும் பெருங்குறை ஒன்று உண்டு. பாஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் குழந்தைகட்குத் தனிப்பள்ளி வகுத்திருந்தனர். பொதுப்பள்ளியைப் பற்றி நாடெங்கும் முழங்கிய ஹொரேஸ் மான் அதனை வெளிப்படையாக எதிர்த்துப் பேசிலர். வெண்டெல் பிலிப்ஸ் என்னும் அடிமை ஒழிப்பு வீரர் இம்மௌனத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கழகத்தின் பணி கெடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். அச்சம் விளங்குகின்றது; ஆயின் மௌனம் நீதியாகிவிடாது. மற்றொரு புறம், வெஸ்ட் நியூட்டன் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்த கறுப்பின மாணவி ஒருத்திக்கு அவ்வூரில் எவரும் தங்க இடங்கொடாதபோது, தம் இல்லத்திலேயே அவளை வைத்துக்கொண்டவரும் இவரே. இல்லத்திற் செய்த துணிவை மேடையிற் செய்திலர் என்பதே நம் வருத்தம்.

அம்மேடைப் பணியைப் பிறர் செய்தனர். தன் வீட்டுக்கு அண்மையிலுள்ள பள்ளிகளைக் கடந்து தொலைவிலுள்ள தனிப்பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்த ஸாரா ராபர்ட்ஸ் என்னும் சிறுமியின் சார்பில் அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். வழக்கு 1850-இல் தோற்றது. ஆயினும் 1855-இல் மாகாணச் சட்டசபையே அவ்வேற்றுமையை ஒழித்தது. நாடு முழுமைக்கும் அத்தீர்ப்பு வருதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1848-இல் ஹொரேஸ் மான் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அங்கு அடிமை முறையை எதிர்த்து அஞ்சாது பேசினார். 1853-இல் ஒஹையோ மாகாணத்து ஆன்டியாக் கல்லூரியின் தலைவரானார். ஆடவரும் மகளிரும் ஒருங்கே பயின்ற அக்கல்லூரியில், பேராசிரியையாய் அமர்ந்த பெண்மணிக்கு ஆடவர்க்கு ஒப்ப ஊதியம் வழங்கினார். பொருள் முட்டுப்பாட்டினால் கல்லூரி அல்லலுற்றது. அதன் கவலை இவர் உடலைத் தேய்த்தது. 1859-இல் பட்டம் பெற்ற மாணவர்க்குப் பிறர்நலம் புரிதலே பிறவிப்பயன் என அறிவுறுத்திய சில வாரங்களில், ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள், தம் அறுபத்து மூன்றாம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் குறைகூறிய சிறு வட்டகை முறை மாசசூசெட்ஸில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முடிவுற்றது. ஏனைய மாகாணங்களிற் சிறு வட்டகைகள் படிப்படியாக ஒன்று சேர்ந்தன. 1939-40-இல் அமெரிக்க நாட்டில் 1,17,000-க்கு மேல் இருந்த பள்ளி வட்டகைகள் இன்று ஏறத்தாழ 13,000 ஆகச் சுருங்கியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றை ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த குழுவினரே நடத்துகின்றனர். குழுவின் கூட்டத்தில் குடிகள் எழுந்து வினவலாம். வீட்டுக்கும் நிலத்துக்கும் விதிக்கும் வரியில் ஒரு பகுதி பள்ளிக்குச் செல்கின்றது. பிள்ளை இல்லாதவரும் அதனைச் செலுத்துகின்றனர். தேர்தல் நாளில் வாக்குச்சாவடியாகவும், புயற்காலத்தில் புகலிடமாகவும் அப்பள்ளிகளே உதவுகின்றன. 2020-இல் கொள்ளைநோயினாற் பள்ளிகள் மூடப்பட்டபோதும், பல வட்டகைகள் பள்ளி வாயிலில் உணவுப் பொட்டலங்களை நாடோறும் வழங்கின. எனினும் செல்வர் வாழும் வட்டகை செழித்தலும், வறியோர் வாழும் வட்டகை வாடுதலும் அங்கு இன்றும் ஒழிந்தில. வட்டகையின் எல்லையே உள்ளத்தின் எல்லை ஆகுமிடத்து அந்நோய் மீளத் தோன்றும் என்பதற்கு இதுவே சான்று.

அன்பர்களே! இச்சரித்திரத்தை நம் இதழில் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம் சங்கம் நம்மவர் பிள்ளைகளின் பொருட்டு விடுதியும் உதவிப்பணமும் வழங்கி வருதல் பெருமைக்குரியது. அதனால் முன்னேறியோருள் யாமும் ஒருவேம். எனினும் நம் பிள்ளைகளுள் மிக வறியவர் எங்கே பயிலுகின்றனர்? விடுதியை எட்டாதவர் எங்கே பயிலுகின்றனர்? ஊர்ப்பொதுப் பள்ளியிலேயே பயிலுகின்றனர். அவர் அருகே ஏனைய சமூகத்துப் பிள்ளைகளும் அமர்ந்துள்ளனர். கூரை ஒழுகினால் எல்லார் தலையிலும் ஒருங்கே ஒழுகுகின்றது. மழை சாதி கேட்பதில்லை. வசதி பெற்றதும் நாம் அப்பள்ளியை விட்டு விலகுவோமாயின், அங்கு எஞ்சுவோர்க்காகக் கேட்கும் குரல் யாருடையது?

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசாங்கப் பள்ளிகளில் மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பெற்றுள்ளன. அவற்றின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. அக்குழு கூடும் நாளை அறிந்து நம்மவர் செல்லல் வேண்டும். சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு சிறு பங்கை, எவர் பிள்ளை என்று வினவாது, அவ்வவ்வூர்ப் பொதுப்பள்ளிக்கு அளித்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதனை முன்மொழிய எண்ணியுள்ளோம். மறுப்போர் இருப்பின் அவர் கூறுவதனையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். ஒழுகும் கூரையின் கீழ் நின்று பாடங் கேட்ட அப்பிள்ளைகளுக்கு மட்டும், இது எங்கள் பள்ளியன்று என்னும் விடையை மீண்டும் கூற எம்மால் இயலாது.